காலண்டரில் ஒரே ஒரு வசனம்... முன்னும் பின்னும் இருப்பது என்ன?

டிசம்பர் 31 இரவு ஆராதனை. 12 மணி அடித்து, ஒருவருக்கொருவர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி முடித்ததும், பல சபைகளில் ஒரு வரிசை உருவாகும். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் சிறு அட்டைகளில் இருந்து ஆளுக்கு ஒன்றாக எடுப்பார்கள். அட்டையின் மறுபக்கத்தில் ஒரு பைபிள் வசனம் இருக்கும். அந்த ஆண்டு முழுவதற்கும் அதுதான் ‘வாக்குத்தத்தம்’. சிலர் அங்கேயே கண் கலங்குவார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவரின் அட்டையை எட்டிப் பார்ப்பார்கள். விடிந்ததும் அது ஃபிரிட்ஜ் கதவிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடும்.

இந்தப் பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துன்பத்தில் இருப்பவருக்கு ஒரு வரி கூட ஊன்றுகோலாகும். ஆனால், அந்த வரி எந்தக் கடிதத்தில், யாருக்கு, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பது மறந்துபோகும்போது, அதே வரி சுமையாகவும் மாறுகிறது. ஆண்டு முடிகிறது, எதிர்பார்த்தது நடக்கவில்லை. அப்போது ‘என் விசுவாசத்தில்தான் குறை’ என்று மனம் உடைபவர்கள் உண்டு. ஒரு வசனத்தைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்வதும், அடிக்கும் கணவனிடமே திரும்பிப் போகச் சொல்வதும் நடக்கிறது.

பைபிளை எழுதியவர்கள் வசன எண்கள் போட்டு எழுதவில்லை. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் வகுத்தவை என்று கருதப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர் போட்டவை. பவுலின் கடிதங்கள் முதலில் சபை கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கப்பட்டன. ஒரு கடிதம் வந்தால் அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா?

வசனத்தைத் துண்டாக எடுத்துக் காட்டும் காட்சி பைபிளுக்குள்ளேயே வருகிறது. மத்தேயு 4-ம் அதிகாரத்தில் இயேசுவை ஆலயத்தின் உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொல்லும் சாத்தான், அதற்கு ஆதாரமாக 91-ம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொல்கிறான். வசனம் சரியானதுதான், பயன்படுத்திய விதம் தவறு. இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தைக் காட்டிப் பதில் சொல்கிறார். ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேவையில்லை.

வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சில வசனங்களை, அவற்றின் அக்கம்பக்கத்தோடு பார்க்கலாம்.

‘எதிர்பார்த்த முடிவு’ யாருக்கு?

எரேமியா 29:11. காலண்டர்களில் அதிகம் இடம்பெறும் வசனங்களில் ஒன்று. கடவுள் தம் மக்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, நன்மைக்கானவை என்று சொல்வது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘எதிர்பார்க்கும் முடிவு’ என்ற பொருளில் வருவதால், பெண்ணுக்கு வரன், பையனுக்கு விசா, வீட்டுக் கடன் என்று அவரவர் எதிர்பார்ப்பை அந்த இடத்தில் வைத்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பவை ‘எதிர்காலம்’, ‘நம்பிக்கை’ என்ற பொருள் தரும் இரண்டு சொற்கள்.

இது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அந்நிய மண்ணில் இருந்த அவர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, ‘இரண்டே வருடம், எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்’ என்று கூட்டத்துக்கு முன் அறிவிக்கிறான். கேட்பவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறது. 10-ம் வசனம் காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறது: 70 ஆண்டுகள். கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதற்கு அடுத்த வரிதான் காலண்டரில் இருப்பது.

தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரையும் பலரையும் ஒரே சொல்லால்தான் அழைப்பார்கள். தமிழ் பைபிளில் கடவுள் ஒருவரிடம் பேசும்போது ‘நீ’ என்பார். ‘நீங்கள்’ என்றால் அது ஒரு கூட்டம். இந்த வசனத்தில் இருப்பது ‘நீங்கள்’தான். ஒரு தனிமனிதரின் வேலை வாய்ப்புக்குக் கொடுத்த உத்தரவாதமாக இதைப் படிக்க முடியாது. பிடிக்காத ஊரில், நினைத்தபடி அமையாத வாழ்க்கையிலும் கடவுள் கைவிடவில்லை, அங்கேயே வேரூன்றி வாழலாம் என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. வரன் அமையாத ஆண்டிலும் இந்த வசனம் பொய்த்துப்போகாது.

தேர்வு முடிவுக்கு மறுநாள்

பிலிப்பியர் 4:13. கிறிஸ்து தரும் பலத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்று பவுல் எழுதியது. பொதுத்தேர்வு நேரத்தில் பேனா டப்பாவிலும் படிக்கும் மேஜைச் சுவரிலும் ஒட்டியிருக்கும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வது நல்லதுதான். மதிப்பெண் குறைந்துபோனால், ‘வசனத்தை நம்பித்தானே போனாய்?’ என்ற கேள்வி வரும்போதுதான் சிக்கல்.

பவுல் இதை எழுதியபோது விலங்கோடு காவலில் இருந்தார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். அதற்கு நன்றி சொல்லும் பகுதி இது. முந்தைய இரண்டு வசனங்களில், வயிறு நிறைந்திருக்கவும் தெரியும், பட்டினி கிடக்கவும் தெரியும், எந்த நிலையிலும் மன நிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். ‘எல்லாம்’ என்று அவர் குறிப்பிடுவது இந்த எல்லா நிலைகளையும்தான். 14-ம் வசனத்தில், ஆனாலும் என் கஷ்டத்தில் பங்குகொண்டீர்களே, நல்லது செய்தீர்கள் என்கிறார். பலம் இருக்கிறது என்று சொன்னவருக்கும் பிறர் உதவி தேவைப்பட்டது.

அப்படிப் பார்த்தால், நினைத்த குரூப் கிடைக்காமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, தேர்வு முடிவுக்கு மறுநாள்தான் இந்த வசனம் அதிகம் பொருந்தும். ‘இதையும் தாங்கலாம், நாங்கள் கூட இருக்கிறோம்’ என்று பெற்றோர் சொன்னால் 13-ம் வசனமும் 14-ம் வசனமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஜெபமும் மாத்திரையும்

நோயாளி சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், விசுவாசத்தோடு செய்யும் ஜெபம் அவரை மீட்கும் என்கிறது யாக்கோபு 5-ம் அதிகாரம் (14, 15). இதைக் காட்டி, இன்சுலின் ஊசியையும் காசநோய் மாத்திரையையும் நிறுத்துவதுதான் விசுவாசம் என்று போதிப்பவர்கள் உண்டு. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறக்கூடும். டைப் 1 சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும்.

யாக்கோபு மருந்தை விடச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எண்ணெயே மருந்தாகவும் பயன்பட்டது. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் சமாரியன் ஊற்றுவது எண்ணெயும் திராட்சை ரசமும். எசேக்கியா ராஜாவுக்கு நோய் தீரும் என்று வாக்குக் கிடைத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி கட்டியின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார் (ஏசாயா 38:21).

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த வசனத்தில் விசுவாசத்தோடு ஜெபிப்பவர்கள் யார்? அழைக்கப்பட்டு வந்த மூப்பர்கள். படுத்திருப்பவரின் விசுவாசம் எத்தனை சதவிகிதம் என்று யாக்கோபு அளக்கவே இல்லை. ‘உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை’ என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்ல இந்த வசனத்தில் இடமில்லை.

குணமாகாதவர்களும் பைபிளில் இருக்கிறார்கள். பவுலின் உதவியாளர் துரோப்பீமு நோயாளியாக மிலேத்துவில் விடப்பட்டார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல்நலக் குறைவு. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை ரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதுகிறார். பவுலுக்கே நீங்காத ‘முள்’ ஒன்று இருந்தது. மூன்று முறை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. இவர்களில் யாரையும் விசுவாசம் குறைந்தவர் என்று பைபிள் சொல்லவில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். 1900-ல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணிதான் பின்னால் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஜெபமும் மாத்திரையும் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

மனைவிக்கு மட்டும் சொன்னதா?

மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 5:22 கல்யாண வீட்டுப் பிரசங்கத்தில் தவறாமல் வரும். மேடையில் கேட்கும்போது உறுத்தாது. அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம், ‘வேதம் என்ன சொல்கிறது? பொறுத்துப் போ’ என்று சொல்லப்படும்போது இதே வசனம் வேறு முகம் காட்டுகிறது.

முந்தைய வசனம், 21, ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே இல்லை. ‘கீழ்ப்படிதல்’ என்பதை 21-ல் இருந்துதான் வாங்கிக்கொள்கிறது. அதாவது இரண்டையும் பிரித்தால் வாக்கியமே நிற்காது.

பிறகு எண்ணிப் பாருங்கள். மனைவியரை நோக்கிய பகுதி 22 முதல் 24 வரை, மூன்று வசனங்கள். 25 முதல் 33 வரையுள்ள ஒன்பது வசனங்களில் பேச்சு பெரும்பாலும் கணவர்களை நோக்கித்தான். கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்ததுபோல மனைவியை நேசி, உன் சொந்த உடம்பைப்போலப் பார்த்துக்கொள், தன் உடம்பை எவனாவது வெறுப்பானா என்று கேட்கிறார் பவுல். குடும்பத் தலைவனுக்கு மனைவி, பிள்ளை, அடிமை எல்லோர் மீதும் சட்டப்படியே அதிகாரம் இருந்த ரோமப் பேரரசின் காலத்தில், கேட்ட ஆண்களைத் திடுக்கிட வைத்திருக்கக்கூடிய பேச்சு இது. கை ஓங்கும் கணவன் இந்த ஒன்பது வசனங்களையும் ஏற்கெனவே மீறிவிட்டவன். அவன் 22-ஐ மட்டும் மேற்கோள் காட்ட முடியாது.

அதேபோல மல்கியா 2:16. விவாகரத்தைக் கடவுள் வெறுக்கிறார் என்று சொல்லப் பயன்படும் வசனம். முழுவதையும் படித்தால், அது இளவயதில் கைப்பிடித்த மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களைக் கண்டிக்கும் பகுதி. கொடுமையை ஆடையாகப் போர்த்திக்கொள்வதையும் அதே வசனம் கண்டிக்கிறது. தள்ளிவிடப்பட்ட பெண்ணுக்குப் பிழைக்க வழியில்லாத காலத்தில், அவளைக் காக்கச் சொன்ன வார்த்தை இது. அதையே கொடுமைக்காரனோடு அவளைக் கட்டிப்போடும் கயிறாக்குவது, வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் வந்த சட்டம் இருக்கிறது; 181 என்ற உதவி எண் இருக்கிறது. அவற்றை நாடும் பெண் வேதத்தை மீறவில்லை.

பழமொழி சட்டமாகுமா?

‘அடியாத மாடு படியாது’ என்று நம் ஊரில் சொல்வதற்கும், பிரம்பைக் கையாளாதவன் மகனைப் பகைக்கிறான் என்ற நீதிமொழிகள் 13:24-க்கும் நெருக்கம் உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளைகளை அடித்து வளர்த்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால், நீதிமொழிகள் என்ற புத்தகம் பழமொழித் தொகுப்பு. ‘பதறாத காரியம் சிதறாது’ என்றும் சொல்கிறோம், ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றும் சொல்கிறோம். எது எப்போது பொருந்தும் என்று அறிவதுதான் புத்திசாலித்தனம். நீதிமொழிகள் 26-லும் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று 4-ம் வசனமும், பதில் சொல் என்று 5-ம் வசனமும் அடுத்தடுத்து வருகின்றன.

13:24-ன் இரண்டாம் பாதி அன்பாகத் திருத்துவதைப் பற்றியது. வசனத்தின் எடை, பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடாதே என்பதில் இருக்கிறது. பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களை எரிச்சலூட்டாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் கொலோசெயர் 3:21-ஐயும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஏழை விதவையின் இரண்டு காசு

காணிக்கை நேரத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை. பணக்காரர்கள் நிறையப் போடும் பெட்டியில் ஓர் ஏழை விதவை இரண்டு சிறு காசுகளைப் போடுகிறாள். எல்லோரையும்விட அவளே அதிகம் போட்டாள், ஜீவனத்துக்கு வைத்திருந்ததையே போட்டுவிட்டாள் என்கிறார் இயேசு (மாற்கு 12:41-44). அவளது மனதை அவர் மதித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், ‘நீங்களும் பென்ஷன் பணத்தை அப்படியே கொடுங்கள்’ என்று வயதான அம்மாக்களிடம் கேட்க அந்தக் கதையைப் பயன்படுத்தலாமா?

சரியாக ஒரு வசனம் முன்னால் போக வேண்டும். 12:40-ல், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் கையில் இருந்த கடைசிக் காசோடு ஒரு விதவை வருகிறாள். அதற்கடுத்து, ஆலயத்தின் பெரிய கற்களை வியக்கும் சீடரிடம், இதில் ஒரு கல்லும் நிற்காது என்கிறார். மூன்றையும் சேர்த்துப் படித்தால், அவளைக் காக்க வேண்டிய அமைப்பே அவளிடமிருந்து கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட வேதனையும் அந்தக் கதையில் கேட்கிறது. லூக்காவிலும் இதே வரிசைதான். அங்கே நடுவில் அதிகார எண் மாறிவிடுவதால் (20-ன் கடைசி வசனம் கண்டனம், 21-ன் தொடக்கம் விதவை) இரண்டும் வேறு வேறு என்று தோன்றிவிடுகிறது.

கணக்கு கேட்டால் வாயடைக்கும் வசனமும் தயாராக இருக்கிறது: அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்ற சங்கீதம் 105:15. அந்தச் சங்கீதம் அங்கே பேசுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. சொந்த நிலம் இல்லாமல், எண்ணிக்கையில் கொஞ்சமாக, ஊர் ஊராக அலைந்த அந்நியர்கள் அவர்கள். அவர்களைத் துன்புறுத்தாதே என்று கடவுள் ராஜாக்களைத்தான் எச்சரிக்கிறார். பலமில்லாதவரைப் பலசாலியிடமிருந்து காக்கும் வசனம், இன்று மேடையில் இருப்பவரைக் கேள்வியிலிருந்து காக்கும் வசனமாகிவிட்டது. அபிஷேகம் பெற்ற ராஜாவான தாவீதின் முகத்துக்கு நேரே ‘நீதான் அந்த மனிதன்’ என்று நாத்தான் குற்றத்தைச் சொன்னார். தாவீதும் அதை ஏற்றுக்கொண்டார். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் 17:11 பாராட்டவே செய்கிறது.

எப்படிப் படிப்பது?

இதற்கு இறையியல் பட்டம் வேண்டாம். எபிரேயமும் கிரேக்கமும் தெரிய வேண்டாம். நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, யார் யாரிடம் சொன்னது? ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ?

இரண்டாவது, முன்னால் என்ன, பின்னால் என்ன? குறைந்தது அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது, அது எந்த வகை எழுத்து? கடிதமா, பாட்டா, பழமொழியா, சட்டமா? பாட்டைச் சட்டமாகவும் பழமொழியை உத்தரவாதமாகவும் படிக்கக் கூடாது. பழைய மொழிபெயர்ப்பு புரியாவிட்டால் திருவிவிலியம் போன்ற பிற்கால மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நான்காவது, இந்த விளக்கத்தால் யாருக்கு லாபம், யாருக்கு வலி? வேதம் முழுவதற்கும் சாரம் கடவுளிடத்திலும் அயலானிடத்திலும் அன்பு கூருவதே என்று இயேசு சொல்லியிருக்கிறார் (மத்தேயு 22:37-40). நோயாளியை மேலும் நோகடிக்கும், அடிபட்டவளை மீண்டும் அடிபட அனுப்பும் விளக்கம் அந்தச் சாரத்தோடு ஒத்துப்போகாது. அப்படி ஒரு முடிவுக்கு வந்து நின்றால், வசனத்தை மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும் என்று பொருள்.

அடுத்த டிசம்பர் 31 இரவும் தட்டில் அட்டைகள் இருக்கும். தாராளமாக எடுக்கலாம். ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு முன்பு, அதில் போட்டிருக்கும் அதிகாரத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டால் போதும். பாட்டி வாசிக்க, பேரப்பிள்ளைகள் ‘இது யாருக்கு எழுதினது பாட்டி?’ என்று கேட்கட்டும். புத்தாண்டின் முதல் குடும்ப ஜெபம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.